அடைக்கோழியும் ஆய்வுகூட எலியும்

விந்தையும் முட்டையையும் தரப்போகும் கலங்கள் விதையிலோ சூலகத்திலோ பிறப்பதில்லை. வேறெங்கோ பிறந்து, அப்போதுதான் உருப்பெற்றுக்கொண்டிருக்கும் உடம்புக்குள்ளால் நகர்ந்து வந்து, பிறகுதான் அங்கே குடியேறுகின்றன. கொக்குவிலில் நான் உயர்தர உயிரியல் படிப்பிக்கிற ரியூசன் கொட்டிலில் இதைச் சொல்லும்போதெல்லாம், குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும் யாராவது ஒரு பிள்ளை பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும். "அப்ப அது எங்கயிருந்து வருகுது ரீச்சர்?" பரீட்சைக்கு வராது என்று தெரிந்த மற்றப் பிள்ளைகள் அதற்குள் கொட்டாவி விடத் தொடங்கியிருப்பார்கள். கேட்ட அந்த ஒரு பிள்ளைக்காக நான் வழமையாகக் கொஞ்சம் கூடவே கதைத்துவிடுவேன். வகுப்பு நேரத்துக்குள் அடங்காத மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மனித முளையத்தில், நாலாம் கிழமை அளவில், இந்தக் கலங்கள் மஞ்சட்கருப் பையின் சுவரில் இருக்கின்றன. அந்தப் பை முளையத்துக்கு வெளியே தொங்குவது. பிள்ளை பிறக்கும்போது பெயருக்கும் மிஞ்சாது. அங்கிருந்து பின்குடலின் சுவர் வழியே ஏறி, குடலைத் தாங்கும் சவ்வைக் கடந்து, முதுகுப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறிய மேடுகளை ஐந்தாம் ஆறாம் கிழமைகளில் வந்தடைகின்றன. அந்த மேடுகள்தான் பின்னர் விதையாகவோ சூலகமாகவோ மாறும். அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தில் சேமித்து வைத்திருந்த மனித முளையங்களின் மெல்லிய வெட்டுகளைப் பார்த்து, எமில் விட்ஷி என்பவர் 1948இல் இந்தப் பாதையை விபரித்தார். ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு முளையம், ஒவ்வொரு வயது. நகர்வதை அவர் கண்ணால் காணவில்லை. நின்றுபோன கலங்களை வரிசைப்படுத்தி நகர்வை ஊகித்தார். ஊகம் சரியாகத்தான் இருந்தது.

இவற்றை நான் மூலவுயிர்க்கலங்கள் என்று எழுதுகிறேன். மிச்சமுள்ள தோல், ஈரல், எலும்பு, மூளை எல்லாம் உடற்கலங்கள். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்த சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்துப் புத்தகமும் போட்டார். அந்த ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு இதைத் தமிழில் சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

ஏன் இந்தக் கலங்களுக்கு மட்டும் இவ்வளவு தனிக் கவனம்? ஜேர்மனியின் ஃப்ரைபேர்க் நகரில் இருந்த ஓகஸ்ட் வைஸ்மன் 1880களில் எலிகளின் வாலை வெட்டி வெட்டி இனப்பெருக்கம் செய்ய விட்டார். ஐந்து தலைமுறைகளில் 901 குட்டிகள் பிறந்தன, ஒன்றுக்கும் வால் குறையவில்லை. யாழ்ப்பாணத்தில் இதற்கு எலியே தேவைப்பட்டிருக்காது. எத்தனையோ தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் காது குத்துகிறோம், காதில் துளையோடு ஒரு பிள்ளையும் பிறந்ததில்லை. உடற்கலங்களுக்கு நடப்பது உடம்போடு முடிந்துவிடும், அடுத்த தலைமுறைக்குப் போவது மூலவுயிர்க்கலங்களின் வழி மட்டும்தான் என்று வைஸ்மன் வாதாடினார். வெயிலில் தோலில் ஏற்படும் விகாரம், அதாவது ஜீனில் வரும் மாற்றம், உங்களோடு போய்விடும். மூலவுயிர்க்கலத்தில் ஒரு ஜீன் பழுதானால் அது பேரப்பிள்ளை வரைக்கும் போகலாம்.

சரி, மனிதரிலேயே நேராகப் பார்த்துவிடலாமே என்றால், பார்க்க முடியாத இடத்தில்தான் தொடக்கம் நடக்கிறது. கருக்கட்டி இரண்டாம் கிழமை முடிந்து மூன்றாம் கிழமை தொடங்கும் தறுவாயில், முளையம் கருப்பைச் சுவருக்குள் புதைந்த பிறகு, ஒரு சில கலங்கள் மட்டும் மூலவுயிர்க்கலங்களாக ஒதுக்கப்படுகின்றன. அந்த நாளில் தாய்க்கே தெரிந்திருக்காது; மாதவிலக்குத் தள்ளிப்போய் ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். ஆய்வுகூடத்தில் மனித முளையத்தை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற விதியை 1984இல் பிரித்தானியாவின் வார்னொக் குழு பரிந்துரைத்தது. பிறகு பல நாடுகள் அதையே எடுத்துக்கொண்டன. அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஆன் மக்லாறன். தன் வாழ்நாளின் பெரும்பகுதியை எலியின் மூலவுயிர்க்கலங்களோடு கழித்தவர். நாங்கள் பார்க்க விரும்பும் காட்சி தொடங்குகிற நேரத்தில் கதவு மூடப்பட்டுவிடும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துகொண்டுதான் உடன்பட்டார் என்பதாலேயே எனக்கு அவரில் ஒரு மரியாதை.

ஆகவே விலங்குகள். எனக்கு முதலில் வாய்த்தது கோழி முட்டை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த காலத்தில் கோழி முளையத்தைத் திறந்து பார்க்கப் பழகினேன். எலி வளர்ப்பதென்றால் தனி அறை, தீன், காற்றோட்டம், எல்லாவற்றையும் பதிந்துவைக்க ஓர் ஆள் என்று வரிசையாகத் தேவைகள் வரும். முட்டைக்கு எதுவும் வேண்டாம். ஆனால் திருநெல்வேலிச் சந்தைக் கடையில் வாங்கும் பண்ணை முட்டை சரிவராது. அந்தப் பண்ணைகளில் சேவலே இருக்காது, முட்டையில் கருவும் இருக்காது. சேவல் திரிகிற வீட்டு முற்றத்து ஊர்க்கோழி முட்டைதான் வேண்டும். அப்படிப்பட்ட முற்றம் கோப்பாயில் எங்கள் பெரியம்மாவிடம் இருந்தது, இப்பவும் இருக்கிறது.

முட்டையைப் படுக்க வைத்து அடைகாக்க விட்டால் முளையம் மேல்பக்கமாக மிதந்து நிற்கும். இரண்டரை நாள் கழித்து எடுத்து, அகன்ற முனையில் ஊசியால் ஒரு துளை போட்டு, சிரிஞ்சால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுக்கவேண்டும். அப்போதுதான் முளையம் கோதில் ஒட்டாமல் கீழே இறங்கும். பிறகு மேல்பக்கத்தில் செலோரேப்பை ஒட்டி, நுனி வளைந்த சிறு கத்தரிக்கோலால் அதன்மேல் வட்டமாக வெட்டித் திறப்போம். ரேப் ஒட்டாவிட்டால் கோதுத் துணுக்குகள் உள்ளே விழுந்து குருதிக்குழாய்களைக் கிழித்துவிடும். திறந்ததும் முதலில் கண்ணில் படுவது மஞ்சட்கருவின்மேல் படர்ந்திருக்கும் சிவப்புக் குருதிக்குழாய் வலை. நடுவில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு வளைந்த உடல். அதற்குள் துடிக்கும் ஒரு புள்ளி. அரிஸ்டோட்டில் காலத்திலிருந்தே ஆட்கள் இந்தப் புள்ளியைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். நான் பார்த்த முதல் நாள் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே நின்றேன். பக்கத்தில் நின்ற ஆய்வுகூட உத்தியோகத்தர், "பாத்துக்கொண்டு நிண்டா அது குளிர்ந்து போயிடும் தங்கச்சி" என்றார்.

மூலவுயிர்க்கலங்கள் அந்த நேரம் எங்கே? குருதியில். பறவைகளின் இந்த விசித்திரத்தை அமெரிக்கரான சார்ள்ஸ் ஸ்விஃப்ட் 1914இல் தெளிவாக எழுதினார். கோழி முளையத்தில் இவை தலைப்பக்கத்துக்கும் முன்னால், உடம்புக்கு வெளியே, பிறை வடிவமான ஓரிடத்தில் கூடியிருக்கும். குருதி ஓடத் தொடங்கியதும் குழாய்களுக்குள் இறங்கி, உடம்பெல்லாம் சுற்றி, சூலகமோ விதையோ வரவிருக்கும் இடத்தில் வெளியேறும். எலியிலும் மனிதரிலும் திசுக்களுக்குள் ஊர்ந்து போகிற அதே கலம் இங்கே குருதியோட்டத்தில் ஏறி வருகிறது. விளக்குச் சுவாலையில் இழுத்து மெலிதாக்கிய கண்ணாடிக் குழாயால் அந்தச் சின்ன முளையத்திலிருந்து ஒரு பொட்டுக் குருதி எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, ஷிஃப் சாயம் போட்டுப் பார்த்தோம். இந்தக் கலங்களில் கிளைக்கோஜன் நிறைய இருப்பதால் அவை கடும் மெஜன்ரா நிறமாகும். நுணுக்குக்காட்டியின் கீழ் வெளிறிய குருதிக் கலங்களைக் கடந்து கடந்து போகும்போது, எங்கோ ஓரிடத்தில், மற்றதுகளைவிடப் பெரிதாக, உருண்டையாக, பூந்தோட்டச் செம்பருத்தி நிறத்தில் ஒன்று நிற்கும். ஒரு கண்ணாடித் துண்டு முழுக்கத் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்காத நாட்களும் உண்டு.

2022இல் இந்த ஆசையை என் மாணவர்களுக்கும் காட்ட நினைத்தேன். ஆனால் அது கரண்ட் இல்லாத வருடம். மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. மின்சார அடைகாப்புப் பெட்டி வெறும் பெட்டியாகக் கிடந்தது. பெரியம்மாவின் அடைக்கோழிக்கு அந்தக் கவலை இல்லை. 37 பாகைக்குக் கிட்ட ஒரே சூட்டை வைத்துக்கொண்டு, முட்டைகளைத் தானே அலகால் உருட்டிக்கொண்டு, உப்புப்பெட்டிக்குள் வைக்கோல்மேல் படுத்திருந்தது. இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று பெரியம்மா அதற்குள் ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் வைத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முட்டை எடுக்கக் கை நீட்டியபோது மட்டும் அவர் சொன்னார்: "உன்ர படிப்புக்கு நாலு முட்டை போனாப் பரவாயில்லை. கோழியை எழுப்பிப்போடாதை." கோழி என் கையைக் கொத்தியது. அது நியாயம்.

நல்லூர்க் கொடியேறினால் இந்த வேலையெல்லாம் நின்றுவிடும். அந்த 25 நாளும் எங்கள் வீட்டில் முட்டை படலையைத் தாண்டி வராது. அம்மாவுக்கு இதில் ஒரு தெளிவான நிலைப்பாடு உண்டு: கறிக்கு உடைத்தாலும் படிப்புக்கு உடைத்தாலும் உயிர் உயிர்தான். நான் அதை மறுக்கமாட்டேன். முட்டையைத் திறந்தால் அந்த முளையம் அநேகமாக இறந்துவிடும். பிரித்தானியச் சட்டம் பறவை முளையத்தை அடைகாப்புக் காலத்தின் கடைசி மூன்றிலொரு பங்கிலிருந்துதான் விலங்காகக் கணக்கெடுக்கிறது. 21 நாளில் பொரிக்கும் குஞ்சுக்கு இரண்டரை நாள் என்பது அதற்கு வெகுதூரம் முன்பு. சட்டம் சொல்வது அதுவளவுதான். அம்மா கேட்பதற்கு அது பதில் இல்லை. ஆனால் காரணமில்லாமல், வெறும் வேடிக்கைக்கு, ஒரு முட்டையும் திறப்பதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு அம்மா தந்தது.

கோழியின் இந்தக் குருதிப் பயணத்தால் ஒரு நடைமுறைப் பலனும் உண்டு. கோழி முட்டையை உறையவைத்துச் சேமிக்க முடியாது, மஞ்சட்கரு அவ்வளவு பெரிது. ஆனால் முளையத்தின் குருதியிலிருந்து மூலவுயிர்க்கலங்களை எடுத்து வளர்த்து உறையவைக்கலாம். 2006இல் முதன்முதலாக அவற்றை நெடுங்காலம் ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டினார்கள். டொலி என்ற செம்மறி பிறந்த ஸ்கொட்லாந்தின் ரொஸ்லின் நிறுவனம், சொந்த மூலவுயிர்க்கலங்கள் இல்லாத கோழிகளை உருவாக்கி, அவற்றுக்குள் வேறினக் கோழியின் கலங்களை வைத்தது. அந்தக் கோழிகள் இட்டவை வேறினத்து முட்டைகள். இதைக் கேட்டதும் பெரியம்மா, "அப்ப என்ர கருங்கோழியையும் அப்பிடி வைச்சிருக்கலாமே" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் கீரி கொண்டுபோனது அது. வைத்திருக்கலாம்தான். அருகிவரும் ஊர் இனங்களைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி எலி. எலியின் மூலவுயிர்க்கலங்களை 1954இல் சிக்வொயின் என்பவர் அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதியைச் சாயமேற்றிக் கண்டுபிடித்தார். கருக்கட்டி ஏழு நாள் தாண்டும்போது அவை சுமார் 40 கலங்கள். ஒரு கிழமைக்குள் 25,000 அளவில் பெருகிவிடுகின்றன. கோழியில் இந்தக் கலங்களை மற்றவற்றிலிருந்து பிரிப்பது, தாய் முட்டைக்குள் முன்கூட்டியே வைத்துவிடும் சில பொருட்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. எலியில் அப்படி ஒன்றும் இல்லை. முளையத்தின் எந்தக் கலமும் ஆகலாம். பக்கத்துத் திசுவிலிருந்து பிஎம்பி4 என்ற சமிக்ஞை வந்து சேரும் இடத்தில் இருக்கும் கலங்கள் ஆகின்றன. இதை 1999இல் கேர்ஸ்டி லோசனும் கூட்டாளிகளும் காட்டினார்கள். பிறகு கியோத்தோவின் மிட்டினோரி சைட்டோவும் கேம்பிரிட்ஜின் அசிம் சுரானியும் எலியில் எந்த எந்த ஜீன்கள் இந்த முடிவை எடுக்கின்றன என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். புத்தகங்கள் எலிப் படத்தைப் போட்டன. கீழே "பாலூட்டிகளில்" என்று எழுதின. நானும் அப்படித்தான் படித்தேன்.

2015இல் சுரானியின் குழு, வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மனிதத் தண்டுக் கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் மூலவுயிர்க்கலங்களை ஒத்த கலங்களை உருவாக்கியபோது, சொக்ஸ்17 என்ற ஜீன் இல்லாமல் அவை உருவாகவே மாட்டா என்று கண்டது. எலியில் இந்த முடிவுக்கு அந்த ஜீன் தேவையே இல்லை! எலியில் அதே கட்டத்தில் வேலை செய்வது சொக்ஸ்2. மனிதரில் அது அணைந்திருக்கிறது. பாலூட்டி என்று நாங்கள் எழுதிவைத்திருந்தது எலிக்கு மட்டுமே பொருந்திய ஒரு விபரம்.

ஏன் இப்படி? எலியின் முளையம் அந்த வயதில் ஓர் உருளை. மனித முளையம் தட்டையான வட்டத் தகடு. முயலும் பன்றியும் குரங்கும் தகடுதான். ஏன், பெரியம்மாவின் கோழியும் தகடுதான். எலிக் குடும்பம்தான் விதிவிலக்கு. 2017இல் சுரானியின் குழுவினர் பன்றி முளையங்களைப் பார்த்தபோது, மனிதரில் போலவே சொக்ஸ்17தான் முன்னணியில் நின்றது. நண்டுதின்னிக் குரங்கில் 2016இல் ஜப்பானியக் குழு ஒன்று கண்டது இன்னும் வியப்பு: மூலவுயிர்க்கலங்கள் முதலில் தோன்றும் இடம் முளையத்தின் உடம்பே அல்ல, பனிக்குடத்தின் சவ்வு உருவாகத் தொடங்கும் இடம். மனிதரிலும் அப்படியா என்று நேராகப் பார்க்க வழியில்லை.

ஆக, வடிவத்தில் கோழி எங்களுக்குக் கிட்ட, சமிக்ஞையால் ஒதுக்கும் முறையில் எலி கிட்ட, ஜீனில் பன்றி கிட்ட. ஒரு விலங்கு எங்களுக்குக் கிட்டவா எட்டவா என்று மொத்தமாகக் கேட்பதே வீண். எந்த விடயத்தில் கிட்ட என்று கேட்கவேண்டும். இதைத்தான் நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வது. "எலியில நிரூபிச்சாச்சு" என்று பத்திரிகையில் வாசித்துவிட்டு வருகிறவர்களுக்கும் அதேதான்.

ஈயும் புழுவும் பற்றி நீட்டி எழுதமாட்டேன், அவை பற்றி எழுத ஆட்கள் நிறைய. பழ ஈயின் முட்டையில் பின்முனையில் தாய் வைத்த கலவை இருக்கும். அங்கே உருவாகும் கலங்கள் மூலவுயிர்க்கலங்கள். 1992இல் ஆன் எஃப்ருசியும் ரூத் லீமனும் ஒஸ்கார் என்ற ஒரே ஜீனின் செய்தியைத் தலைப்பக்கத்துக்குத் திருப்பிவிட, தலைப்பக்கத்திலும் மூலவுயிர்க்கலங்கள் உருவாயின. அழகான பரிசோதனை, சந்தேகமில்லை. ஆனால் அதனால் ஒரு நெடுங்காலப் பிரமையும் வந்தது. ஈ, புழு, தவளை, வரிக்குதிரை மீன் என்று ஆய்வுகூடத்துக்குப் பிடித்தமான விலங்குகள் எல்லாமே தாய் முன்கூட்டி வைக்கும் வழியைச் சேர்ந்தவை. அதனால் அதுதான் பொதுவழி, எலிதான் புறநடை என்று பலர் நினைத்தார்கள். 2003இல் கசாண்ட்ரா எக்ஸ்டவுரும் மைக்கேல் ஏகமும் விலங்குலகம் முழுவதிலும் இருந்து பழைய பதிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது, சமிக்ஞையால் தெரிவுசெய்யும் எலி வழிதான் பரவலானது, அநேகமாகப் பழமையானதும் அதுதான் என்று தெரியவந்தது. பிறகு எக்ஸ்டவுரின் ஆய்வுகூடம் சில்வண்டு இனத்தில் ஒன்றிலும் பிஎம்பி சமிக்ஞையைக் கண்டது. ஈயும் பூச்சி, சில்வண்டும் பூச்சி, வழி வேறு. தவளைக்கும் அக்சொலொட்ல் என்ற வாற்பிராணிக்கும் இடையிலும் இதே பிளவு.

இவ்வளவு வேறுபாட்டையும் சொன்னபிறகு ஒற்றுமையைச் சொல்லாவிட்டால் விலங்குகளில் ஏன் பார்க்கவேண்டும் என்ற கேள்வி வரும். தொடக்கம்தான் ஊருக்கு ஊர் வேறு. பயணம் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்று. வரிக்குதிரை மீனின் முளையம் கண்ணாடிபோல் ஊடுதெரியும். ஒளிரும் புரதம் ஒன்றைக் கலத்துக்குள் வைத்துவிட்டால் அது ஊர்ந்துபோவதை உயிரோடு படம் பிடிக்கலாம். 1948இல் விட்ஷிக்குக் கிடைக்காதது இது. எரெஸ் ராஸின் குழு 2002இல், வழியோரத் திசுக்கள் விடும் எஸ்டிஎப்1 என்ற இரசாயனம் இந்தக் கலங்களை இழுக்கிறது என்று காட்டியது. அந்த இரசாயனத்தைத் தவறான இடத்தில் வைத்தால் கலங்களும் தவறான இடத்துக்குப் போகும். சில வருடங்களுக்குள் அதே இரசாயனமும் அதைக் கலத்தில் உணரும் அதே வாங்கிப் புரதமும் எலியிலும் கோழியிலும் கிடைத்துவிட்டன. மீனிலும் எலியிலும் ஊர்ந்தும், கோழியில் குருதியில் மிதந்தும் வரும் கலம் இறங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரே அடையாளத்தால்தான்.

வழிதவறினால்? இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த கதை இருக்கிறது. 1950களில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஜக்சன் ஆய்வுகூடத்தில் லெரோய் ஸ்டீவன்ஸ் 129 என்ற எலி இனத்தில் ஒரு ஆண் எலியின் விதைப்பை வீங்கியிருப்பதைக் கண்டார். வெட்டிப் பார்த்தால் உள்ளே தசை, எலும்பு, மயிர் எல்லாம் கலந்த கட்டி. ரெரற்றோமா என்று வைத்தியர்கள் சொல்வது. நூற்றில் ஒரு எலியில்தான் அது வந்தது. அவர் அந்த இனத்தைப் பெருக்கிப் பெருக்கி, ஏறத்தாழ எல்லா ஆண் எலிகளிலும் கட்டி வரும் ஒரு விகாரத்தைப் பிடித்தார். எந்த ஜீன் என்று அவர் காலத்தில் தெரியவில்லை. 2003இல் மீனில், மூலவுயிர்க்கலங்கள் வழிமறந்து செத்துப்போகிற ஒரு குறைபாட்டுக்குக் காரணமான ஜீனைக் கண்டுபிடித்து, அதற்கு முட்டுச்சந்து என்று பொருள்படும்படி பெயர் வைத்தார்கள். 2005இல் பார்த்தால், ஸ்டீவன்ஸின் எலிகளில் பழுதாகியிருந்ததும் அதே ஜீன்தான். மீனில் சாவு, எலியில் கட்டி. மனிதரில் நெஞ்சுக்கூட்டின் நடுவிலோ மூளையின் நடுக்கோட்டிலோ எப்போதாவது வரும் மூலவுயிர்க்கலக் கட்டிகளுக்கும், வழியில் தங்கிப்போன இந்தக் கலங்களே காரணம் என்பதுதான் பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். விதையில் வரவேண்டிய வகைக் கட்டி நெஞ்சுக்குள் ஏன் வருகிறது என்று கேட்கும் நோயாளிக்கு, மீன்குஞ்சைப் பார்த்தவர்கள்தான் ஓரளவு பதில் வைத்திருக்கிறார்கள்.

இடையில் ஒன்று. எங்கள் வேலியோரப் பனைக்கு இந்த ஒதுக்கீடே இல்லை. தாவரங்கள் தொடக்கத்திலேயே மூலவுயிர்க்கலங்களைத் தனியாக எடுத்து வைப்பதில்லை. பூக்கும் காலம் வரும்போது வளர்முனையில் இருக்கும் சாதாரணக் கலங்களிலிருந்தே அவற்றை உண்டாக்கிக்கொள்ளும். பனை பூப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் தாண்டவேண்டும், அதுவரை ஆண்பனையா பெண்பனையா என்றுகூட யாருக்கும் தெரியாது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது, விலங்குகள் செய்வது எவ்வளவு விசித்திரம் என்று. மனிதப் பெண்ணில் ஒதுக்கீடு எவ்வளவு முன்கூட்டி நடக்கிறதென்றால், கருப்பையில் ஐந்தாம் மாதத்தில் எழுபது இலட்சம் அளவில் இருக்கும் மூலவுயிர்க்கலங்கள், பிறக்கும்போது இருபது இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. ஏன் இத்தனையை உண்டாக்கி இத்தனையைக் கொல்கிறது உடம்பு என்பதும் எலியில் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கும் கேள்வி.

2023இல் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "ஆண் எலியிலிருந்து முட்டை, இனிப் பெண் தேவையில்லை." ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் எனக்குத் தனியாகவும் அனுப்பியிருந்தாள். பல வருடம் குழந்தைக்காக வைத்தியம் செய்து களைத்தவள் அவள். செய்தியில் உண்மை உண்டு. ஜப்பானில் கட்சுஹிகோ ஹயாஷியின் குழு, ஆண் எலியின் தண்டுக் கலங்களில் ஆணுக்குரிய வை நிறமூர்த்தம் (குரோமோசோம்) தொலைந்து எக்ஸ் இரட்டித்தவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றை முட்டையாக்கி, கருக்கட்டச் செய்து, குட்டி பிறக்கவைத்தது. 630 முளையங்கள் வைத்து 7 குட்டிகள். இந்த இரண்டாவது இலக்கம் வட்ஸ்அப்பில் வரவில்லை. அதற்கு முன்பே 2011இல் எலி விந்தும் 2012இல் எலி முட்டையும் தண்டுக் கலங்களிலிருந்து ஹயாஷியும் சைட்டோவும் உருவாக்கியிருந்தார்கள். மனிதரில்? 2018இல் சைட்டோவின் ஆய்வுகூடம் மனிதக் கலங்களை முட்டைக்கு முந்திய நிலை ஒன்றுவரை கொண்டுவந்தது. அதற்கும் எலி முளையத்தின் சூலகக் கலங்களைத் துணைக்கு வைக்கவேண்டியிருந்தது.

இதையெல்லாம் மச்சாளுக்கு எழுதியபோது அவள் திருப்பிக் கேட்டாள்: "எலி எங்களை மாதிரி இல்லை எண்டு நீயே சொல்லுறாய். பிறகேன் எல்லாத்தையும் எலியில செய்யினம்? நேரா மனுசரில செய்தா என்ன?" நல்ல கேள்வி. ஆத்திரத்தில் கேட்ட கேள்வியும்கூட.

ஒரு மூலவுயிர்க்கலம் சரியாக உருவானதா என்பதை அந்தக் கலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதிலிருந்து வரும் பிள்ளையைப் பார்த்தாலும் போதாது. பிள்ளை சுகமாக இருந்து, தானும் பிள்ளை பெற்று, அதுவும் சுகமாக இருந்தால்தான் உறுதி. பழைய தலைமுறையின் டிஎன்ஏயில் ஒட்டியிருந்து ஜீன்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மெதைல் அடையாளங்களை இந்தக் கலங்கள் வழியில் பெரும்பாலும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுகின்றன. துடைத்தது அரைகுறையானால் அதன் விளைவு எப்போது தலைகாட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எலி மூன்று கிழமையில் குட்டி போடும், அந்தக் குட்டி இரண்டு மாதத்துக்குள் பருவமடையும். பேரக்குட்டியைப் பார்க்க அரை வருடம் தாராளம். குரங்கில் ஒரு தலைமுறைக்கே நாலைந்து வருடம். மனிதரில், இன்று ஒரு முட்டையை உருவாக்கிப் பிள்ளை பெற்றால், சரிதானா என்று தெரியவரும்போது நானும் அவளும் இருக்கமாட்டோம். பிழை நடந்திருந்தால் அதைச் சுமக்கப்போவது கேட்காமலே பிறந்த ஒரு பிள்ளை.

அதனால்தான் எலி முதலில், பிறகு பன்றியோ குரங்கோ, கடைசியில்தான் நாங்கள் என்று எழுதி அனுப்பினேன். "உன்னோட கதைச்சா எப்பவும் கிளாஸ்தான்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்த 630இல் மிச்சம் 623க்கும் என்ன நடந்தது என்று கேட்டிருந்தாள்.